ஆய்வு முடியும்வரை காபி இல்லை

ஆகஸ்ட் 1, வெள்ளி

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு இன்று காலை ஒரு முடிவு எடுக்கப்பட்டது. ஆய்வு முடியும்வரை மாலைத்தென்றல் பராமரிப்பு இல்லத்தில் காபி குடிப்பதில்லை.

காரணத்தையும் பதிவு செய்கிறேன். அரசு மகளிர் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்த காலத்தில் பல ஆய்வுக் குழுக்களில் இருந்திருக்கிறேன். ஒரு கல்லூரியின் தரத்தைத் தீர்மானிப்பது நூலகமோ ஆய்வகமோ அல்ல, பதினொரு மணிக்கு வரும் காபி. அதோடு முந்திரி பக்கோடாவும் வந்துவிட்டால், நூலகத்தில் புத்தகம் இல்லாததை ‘இடவசதி தாராளம்’ என்று எழுதுவார்கள். எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒருவர் வீட்டுக் காபியைக் குடித்தபின் அவருக்குத் தேர்ச்சிக்குக் கீழே மதிப்பெண் போட மனிதப் பிறவியால் ஆகாது. ஆகவே, பரணிலிருந்து ஃபிளாஸ்க் இறக்கப்பட்டது.

பத்து மணிக்குப் பகலவனை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தேன். பகலவன் என் கணவர். மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருடங்களுக்கு முன் வந்த பக்கவாதம் வலது கையையும் காலையும் எடுத்துக்கொண்டது. பேச்சையும் எடுத்துக்கொண்டது, ஒரே ஒரு சொல்லை விட்டுவிட்டு. அந்தச் சொல் ‘இல்லை’. ஐம்பது வருடம் கறுப்புச் சட்டை போட்டு மேடைதோறும் கடவுள் இல்லை என்று பேசியவருக்கு எந்தச் சொல் மிஞ்சவேண்டுமோ அதுவே மிஞ்சியது. மருத்துவர் இதைத் தற்செயல் என்றார். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

ஏற்பாடு இதுதான்: ஒரு மாதம் சோதனையாக அங்கே இருப்பார். நான் தினமும் போய்த் தரத்தை ஆராய்வேன். மாதக் கடைசியில் இல்லம் தேறினால் அவர் அங்கேயே இருப்பார். தேறாவிட்டால் வீட்டுக்கு வந்துவிடுவார். வீட்டில் அவரைத் தூக்கி உட்காரவைக்க நான்தான் இருக்கிறேன். என் முதுகைப் பார்த்த எலும்பு மருத்துவர் இனிமேல் தண்ணீர்க் குடம்கூடத் தூக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். அவர் எதற்கெடுத்தாலும் அப்படிச் சொல்லும் சுபாவம் உள்ளவர்.

மாலையில் புனேயிலிருந்து மகன் பேசினான். அவன் பெயர் சாக்ரடீஸ். அந்தக் காலத்தில் எங்கள் இயக்கத்தில் பிள்ளைகளுக்கு அப்படித்தான் பெயர் வைத்தோம். அவனும் பெயரைக் காப்பாற்றுகிறான். போனை எடுத்தால் கேள்விதான்.

“அம்மா, போன வாரம் நீ கீழ விழுந்தியா?”

“விழல. உக்காந்தேன்.”

“எங்க உக்காந்த?”

“பாத்ரூம்ல.”

“அப்பாவப் பிடிச்சுக்கிட்டிருந்தப்பவா?”

“அவரும் கூட உக்காந்தார்.”

ஆகஸ்ட் 2, சனி

முதல் நாள் ஆய்வு. இல்லம் கரூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. பெயர்ப் பொருத்தம் பாதி: மாலை வருகிறது, தென்றலுக்கு மின்விசிறி. சுவரில் புது வண்ணத்தின் வாசனை. ஆய்வுக்கு முந்தின வாரம் அடித்த வண்ணம் எந்த நிறமானாலும் ஒரே வாசனைதான். ஆனால் நான் ஆய்வு செய்வேன் என்று இவர்களுக்கு முன்பே தெரிந்திருக்க வழியில்லை. சந்தேகத்தின் பலனை அளித்தேன்.

மேலாளர் கிருபாகரன், முப்பது வயதிருக்கும். முதியவர்களை ‘சீனியர்ஸ்’ என்கிறார். என்னையும் பார்த்து அப்படியே சிரித்தார்.

பகலவனைக் கவனிக்கும் உதவியாளர் லூர்துமேரி. நாற்பதைத் தாண்டியவர். வந்ததும் வராததுமாக, “காபி கொண்டாரவா டீச்சரம்மா?” என்றார். நான் பேராசிரியராக ஓய்வு பெற்றவள். வேண்டாம் என்று ஃபிளாஸ்கைக் காட்டினேன்.

“வீட்டுக் காபிதான் புடிக்குமோ?”

“ஆமா.”

“எங்க மாமியாரும் அப்படித்தான். எங்க போனாலும் தூக்கிட்டு வருவாங்க. ஆறிப்போயிருக்கும், குடிப்பாங்க.”

ஆறித்தான் போயிருந்தது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. அங்கே எலுமிச்சைச் சோறும் தேங்காய்ச் சோறும். தேங்காய்ச் சோறு பரவாயில்லை. வீட்டில் ஒரு ஆளுக்கு உலை வைக்கும் அளவு இன்னும் கைவரவில்லை. இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றிவைத்தேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

குறைகள்: கூடத்துக் கடிகாரம் ஓடவில்லை. இட்லி கெட்டி. மாலையில் தொலைக்காட்சித் தொடர் ஓடும்போது உதவியாளர்கள் அனைவரும் கூடத்தில் மிகுந்த கடமை உணர்ச்சியோடு இருக்கிறார்கள்.

நிறைகள்: யாரும் பார்க்காத நேரத்தில் பகலவனைத் திருப்பிப் போர்வையை விலக்கி முதுகைப் பார்த்தேன். முதுகு சுத்தம். வீட்டில் இருந்தபோது இடுப்புக்குக் கீழே வந்திருந்த படுக்கைப் புண் ஆறிக்கொண்டு வருகிறது. இதை மதிப்பெண்ணில் எந்தத் தலைப்பின்கீழ் சேர்ப்பது என்று தெரியவில்லை.

இன்னொரு சிறு குறை. அவர் புருவத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. பவுடரை அளவில்லாமல் கொட்டுகிறார்கள். முந்தானையால் துடைத்துவிட்டேன்.

கூடத்தில் ஐந்தாம் அறைத் தெரசம்மா என்னைப் பார்த்து, “புதுசா சேந்திருக்கீங்களா?” என்றார். எண்பது வயதுக்கு மேல் இருக்கும்.

“இல்லம்மா. சும்மா பாக்க வந்தேன்.”

“நாங்கல்லாம்கூட மொதல்ல பாக்கத்தான் வந்தோம்” என்றார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பகலவனின் ‘இல்லை’யை இவர்கள் எப்படிக் கையாளுகிறார்கள் என்பது முக்கியமான ஆய்வுப் பொருள். நோயாளியின் விருப்பத்தை மதிப்பது தரத்தின் அடிப்படை அல்லவா. இன்று மதியம் நேரில் பார்த்தேன்.

“அய்யா, கஞ்சி குடிக்கிறீங்களா?” என்றார் மேரி.

“இல்லை.”

“வேணாமாம். சரி, வாயத் தொறங்க.”

திறந்தார். கிண்ணம் காலியாகும்வரை ஒவ்வொரு கரண்டிக்கும் ‘இல்லை’ என்று சொல்லிச் சொல்லிக் குடித்தார். நான் வீட்டில் அவர் ‘இல்லை’ என்றால் தட்டை எடுத்துப்போய்விடுவேன். ஒரு மனிதரின் சொல்லுக்கு மதிப்பு கொடுக்கவேண்டும் என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். இந்த இரண்டு வருடத்தில் அவர் எப்படி இவ்வளவு இளைத்தார் என்று மருத்துவர் கேட்டபோது வயதைக் காரணம் சொன்னேன்.

“எல்லாத்துக்கும் இல்ல, இல்லம்பாரு” என்று மேரி என்னிடம் சொன்னார். “எங்க வீட்டுக்காரரு எல்லாத்துக்கும் சரிம்பாரு. ஒரு வேலையும் நடக்காது. அய்யா எவ்வளவோ மேலு.”

நாள் முழுவதும் கைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டே வேலை செய்கிறார். மதிப்பெண் குறைக்கப்பட்டது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

போகவில்லை. முதுகு. சாக்ரடீஸிடம் பஸ்ஸில் கூட்டம் என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

திடீர் ஆய்வு. பார்வையாளர் நேரம் பத்து மணிக்குத்தான். நான் காலை ஏழரைக்கே போய் நின்றேன். காவலாளி தடுத்தார். மருந்துச் சீட்டு கொண்டுவந்திருக்கிறேன் என்று மின்கட்டண ரசீதைக் காட்டினேன். வணங்கி உள்ளே விட்டார்.

அறைக் கதவு பாதி திறந்திருந்தது. பகலவனைக் குளிப்பாட்டி, சட்டை போட்டு, சாய்ந்து உட்காரவைத்திருந்தார்கள். மேரி அலமாரியிலிருந்து ஒரு சின்னக் கிண்ணத்தை எடுத்தார். மூன்று விரலால் அதிலிருந்து எடுத்து, அவர் நெற்றியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நிதானமாக இழுத்தார். இன்னொரு கையை அவர் கண்ணுக்குமேல் கூரைபோலப் பிடித்து, மெதுவாக ஊதினார்.

திருநீறு.

இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் வரலாறு வேண்டும். எங்கள் திருமணத்தில் புரோகிதர் இல்லை, தாலி இல்லை, நல்ல நேரமும் இல்லை. ராகு காலத்தைத் தேடிப்பிடித்து வைத்தோம். சிவசங்கரன் என்று பெற்றோர் வைத்த பெயரைப் பகலவன் என்று மாற்றிக்கொண்டவர் அவர். என் பெயர் காந்திமதியையும் மாற்றச் சொன்னார். சான்றிதழ்களில் மாற்றுவது சிரமம் என்று மறுத்துவிட்டேன். அவருடைய அம்மா கடைசிப் படுக்கையில், “ஒரே ஒரு தடவ பூசிக்கயேண்டா, பாத்துட்டுப் போயிடறேன்” என்று கேட்டார். பகலவன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் பக்கத்திலேயே இருந்தார். நெற்றியைக் கொடுக்கவில்லை.

அந்த நெற்றியில்தான் இப்போது மூன்று பட்டை.

“என்ன மேரி இது?”

மேரி திரும்பிப் பார்த்தார். “வாங்க டீச்சரம்மா, காலையிலயே. துன்னூறுதான்.”

“அது தெரியுது. ஏன் பூசுறீங்க?”

“குளிச்சா பூசணுமில்ல.”

“நீங்க வேதக்காரங்க ஆச்சே.”

“நானா பூசிக்கிறேன்? அய்யாவுக்குத்தான பூசுறேன்.”

“அய்யாவுக்கு நம்பிக்கை கிடையாது.”

“பேரு சூரிய பகவான் பேராவுல்ல இருக்கு?” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “மூணாம் ரூம் காதர் பாய்க்கு அத்தர் தொட்டுவைப்பேன். தெரசம்மாவுக்குச் சிலுவ போட்டுவிடுவேன். அய்யாவுக்கு என்னன்னு யாரும் சொல்லல. வெறும் நெத்தியா விட மனசு வரல, அதான்.”

புருவத்தில் இருந்தது பவுடர் அல்ல என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

இன்னொன்றையும் நேர்மையாகப் பதிவு செய்யவேண்டும். மேரி கிண்ணத்தை எடுத்ததும் பகலவன் கண்ணை மூடி முகத்தைக் கொஞ்சம் மேலே தூக்கினார். ‘இல்லை’ என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

மேலாளரிடம் புகார் செய்தேன்.

“மேடம், அது ஒரு ஸ்பிரிச்சுவல் வெல்னஸ் டச்” என்றார் கிருபாகரன்.

“எங்க வீட்டுக்காரர் அம்பது வருஷமா அதுக்கு எதிராப் பேசினவர். இப்ப வாய் பேச முடியலங்கிறதுக்காக நீங்க பூசலாமா?”

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. நல்ல பிள்ளைதான். உடனே நிறுத்துவதாகச் சொன்னார். “காபி சாப்பிடுறீங்களா மேடம்?” என்றும் கேட்டார். இதுபோன்ற சந்தர்ப்பங்களில் அது எந்த நோக்கத்தோடு கேட்கப்படுகிறது என்று எனக்குத் தெரியும்.

புகாருக்கு இன்னொரு காரணமும் உண்டு. தோழர் செம்பியன் போன் செய்திருந்தார். பகலவனுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டாளி, பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர், ஒரே மேடையில் பேசியவர். அடுத்த புதன்கிழமை வந்து பார்க்கிறாராம். வந்து பார்க்கும்போது பட்டை தெரிந்தால் என்ன ஆகும்?

ஆகஸ்ட் 14, வியாழன்

திருநீறு நிறுத்தப்பட்டது. காலைக் கஞ்சி குடிக்கவில்லையாம். வெயில் காரணமாக இருக்கலாம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

சுதந்திர தினம். கொடி ஏற்றி ஆளுக்கொரு லட்டு கொடுத்தார்கள். விருந்தினர் என்ற முறையில் எட்டு மணிக்கே அனுமதி.

மேரி அவருக்கு ஈரத்துணியால் முகம் துடைத்தார். பகலவன் கண்ணை மூடி முகத்தைத் தூக்கினார். மேரி என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே கொடி சரியாகத்தான் பறந்துகொண்டிருந்தது.

பகலவன் கண்ணைத் திறந்தார். மறுபடி மூடி, மறுபடி தூக்கினார்.

“அய்யா காத்திட்டிருக்காரு” என்றார் மேரி.

“எதுக்கு?”

மேரி போய்க் கஞ்சியை எடுத்துவந்தார். “குடிக்கிறீங்களா அய்யா?”

“இல்லை.”

“சரி, வாயத் தொறங்க.”

திறக்கவில்லை. லட்டைக் கிள்ளி உதட்டில் வைத்தேன். அது கழுத்து வழியாகச் சட்டைக்குள் போயிற்று.

ஆகஸ்ட் 16, சனி

மதியம் இரண்டு கரண்டி. மாலை ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

இல்லத்து மருத்துவர் வந்தார். இன்னும் சில நாள் இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு செலுத்தவேண்டும் என்றார். இளம் பெண். என்னைக் கண்ணால் பார்க்காமல் மாத்திரைச் சீட்டைப் பார்த்துச் சொன்னார்.

பிரச்சினையைப் பொருளாதாரம் படித்தவள் என்ற முறையில் பிரித்துப் பார்த்தேன். அவருக்கு வேண்டியது திருநீறா, கையா? திருநீறாக இருக்கமுடியாது. கொள்கை என்று ஒன்று இருக்கிறது. ஆகவே கைதான். கை என்றால் அதற்கு மேரி எதற்கு? மேரி கழிவறையைக் கழுவப் போயிருந்த நேரத்தில், சாதாரணமாக, நான் அவர் நெற்றியில் கை வைத்தேன்.

“இல்லை” என்றார். தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வரும் வழியில் மழை. என் கை ஜில்லென்று இருந்திருக்கும். தவிர, இந்த இரண்டு வருடத்தில் அந்த நெற்றியில் நான் கை வைத்ததெல்லாம் காய்ச்சல் பார்க்கத்தான். வைத்ததும் தெர்மாமீட்டர் வரும் என்று அவருக்குப் பழகியிருக்கும்.

மேரி திரும்பிவந்தபோது நான் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். காபி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

முடிவு செய்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை அவரை வீட்டுக்கு அழைத்துவருகிறேன். வேன் சொல்லியாயிற்று. அங்கே சாப்பிடாமல் கிடப்பதற்கு இங்கே சாப்பிடாமல் இருக்கலாம்.

முன்னேற்பாடாக, அவரைத் தூக்கும் பயிற்சி மேற்கொள்ளப்பட்டது. வீட்டில் அந்த எடைக்கு அருகில் வருவது அரிசி மூட்டை ஒன்றுதான். பகலவனாவது இடது கையால் என் தோளைப் பிடித்துக்கொள்வார். அரிசியிடம் அந்த ஒத்துழைப்பு இல்லை. பக்கத்து வீட்டு வசந்தா வந்து தூக்கிவிட்டார். அரிசியை அல்ல.

“யாருக்காவது போன் பண்ணட்டுமா மேடம்?” என்றார் வசந்தா.

யாருக்கு என்று யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

ஆகஸ்ட் 20, புதன்

தோழர் செம்பியன் வந்தார். எழுபத்தெட்டு வயது. இந்த வெயிலிலும் கறுப்புச் சட்டை, கையில் ஒரு சீப்பு மலைவாழைப்பழம். பகலவனின் நெற்றி துடைத்துவைத்ததுபோலச் சுத்தமாக இருந்தது.

“என்னடா பகல்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இல்லை.”

“அம்பது வருஷமா மூணு மணி நேரம் பேசுனத இப்ப ஒரே வார்த்தையில முடிச்சுட்ட. இது நல்லாருக்குடா. மைக்செட்டுக்காரன் சீக்கிரம் வீட்டுக்குப் போவான்.”

பகலவன் பாதி வாயால் சிரித்தார். நான் அந்தச் சிரிப்பைப் பார்த்துச் சில வாரம் ஆகிறது.

அப்போது மேரி கஞ்சியோடு வந்தார். கேட்டார். ‘இல்லை’ என்று பதில் வந்தது. வாய் திறக்கவில்லை. கிண்ணத்தை வைத்துவிட்டு, செம்பியனுக்குக் காபி கொண்டுவந்தார்.

“ஏன் சாப்பிட மாட்டேங்கிறான்?” என்றார் செம்பியன்.

நான் பருவநிலை பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அதற்குள் மேரி, “துன்னூறு பூசிட்டிருந்தோம்யா. டீச்சரம்மா வேணாம்னுட்டாங்க. அன்னைலேருந்துதான்” என்றார். மேரிக்கு ரகசியம் காக்கும் பழக்கம் இல்லை. மதிப்பெண் குறைக்கப்பட்டது.

செம்பியன் டம்ளரை எடுத்தார். காபியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். ஒரு பழத்தை உரித்துத் தானே தின்றார். தோலை எங்கே போடுவதென்று தேடி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“தங்கச்சி, எஸ்.எஸ்.எல்.சி. படிக்கிறப்ப நான் இவங்க வீட்டுலதான் படுப்பேன். தெரியுமில்ல?”

“சொல்லியிருக்கார் அண்ணே.”

“காலங்காத்தால இவங்கம்மா குளிச்சிட்டு ஈரத்துணியோட வருவாங்க. தூங்குற புள்ள நெத்தியில பூசி, கண்ணுல விழுந்துடாம கையால மறச்சு ஊதிட்டுப் போவாங்க. இவன் எந்திரிச்சு, வீடே அலர்ற மாதிரி சத்தம் போட்டு, தொட்டித் தண்ணியில தேச்சுத் தேச்சுக் கழுவுவான்.”

“அதுவும் சொல்லியிருக்கார். தூங்கும்போது ஏமாத்திப் பூசிடுவாங்கன்னு கூட்டத்துலகூடச் சொல்வாரே.”

“தூங்கிட்டிருந்தேன்னா சொன்னான்?”

செம்பியன் பகலவனையே பார்த்தார்.

“முழிச்சுக்கிட்டுக் கெடப்பான், கழுத. அம்மா கொலுசுச் சத்தம் கேட்டதும் கண்ண மூடிக்குவான். மொகத்த ஏந்திக்குவான். தெனமும். நான் பக்கத்துப் பாயிலதான கெடந்தேன்.”

“இல்லை” என்றார் பகலவன்.

“என்னடா இல்ல? பொய் சொல்லாத.”

“இல்லை.” முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். காது மடல் சிவந்திருந்தது. பக்கவாதம் வந்தபின் அவர் சொன்ன ‘இல்லை’களில் இது ஒன்றுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

வாசல்வரை செம்பியனோடு நடந்தேன். ஆட்டோவில் ஏறும்முன் நின்றார்.

“பூசச் சொல்லுங்க தங்கச்சி.”

“அண்ணே, நீங்களா சொல்றீங்க?”

“நான் வர்ற அன்னிக்கு மட்டும் தொடச்சு வையுங்க. எனக்குன்னு ஒரு கொள்கை இருக்கில்ல.”

ஆட்டோ கிளம்பிய பிறகு தலையை வெளியே நீட்டி, இங்கே அறை கிடைப்பது கஷ்டமா என்று கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

காலை ஏழரைக்குப் போனேன். காவலாளி மின்கட்டண ரசீதைக் கேட்கவில்லை.

மேலாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். “போன வாரம் நீங்கதானே மேடம் நிறுத்தச் சொன்னீங்க?” என்றார்.

“ஆமா. இந்த வாரமும் நான்தான் சொல்றேன்.”

மேரி ஒன்றும் கேட்கவில்லை. கிண்ணம் அலமாரியில் அதே இடத்தில்தான் இருந்தது. பகலவனின் தலை வலப்பக்கம் சாய்ந்துபோகும். மேரி இடது கையால் அவர் தாடையைத் தாங்கிப்பிடித்தார். வலது கையில் திருநீறு.

“நீங்க வேணா பூசுறீங்களா டீச்சரம்மா?”

“இல்ல. உங்க வேலைய நீங்க செய்யுங்க.”

“அப்ப கண்ணுல விழாம கொஞ்சம் மறச்சுக்குங்க. எனக்கு ரெண்டு கைதான இருக்கு.”

ஃபிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே போனேன். கையைப் புடவையில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டேன். அவர் கண்ணுக்குமேல் உள்ளங்கையை வைத்தேன். கொஞ்சம் காத்திருந்தேன். ‘இல்லை’ வரவில்லை. முகத்தை மேலே தூக்கினார். மூடிய இமை என் உள்ளங்கையில் ஒருமுறை அசைந்தது. மேரி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்துவிட்டு என் விரல்களுக்குமேல் ஊதினார்.

கையை எப்போது எடுப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

“எடுங்க டீச்சரம்மா, கஞ்சி ஆறுது” என்றார் மேரி.

“குடிக்கிறீங்களா அய்யா?”

“இல்லை.”

கிண்ணம் முழுவதும் குடித்தார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வேன்காரரிடம் வேண்டாம் என்று சொல்லியாயிற்று. மேரி இன்று நாலு தடவை போன் பேசினார். இட்லி இன்னும் கெட்டிதான்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. செம்பியன் வருவதாகச் சொல்லியிருந்ததால் காலையில் பூசியதை ஒன்பதரைக்குத் துடைத்துவைத்தேன். அவர் வந்து பார்த்து, திருப்தியாகத் தலையசைத்தார். கூடத்தில் தெரசம்மாவோடு உட்கார்ந்து இரண்டு கொழுக்கட்டை சாப்பிட்டார். பண்டத்துக்குக் கொள்கை கிடையாதாம்.

போன பிறகு பகலவன் முகத்தைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். மேரி அடுத்த அறையில் இருந்தார். கிண்ணம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஆய்வின் கடைசி நாள். சாக்ரடீஸ் காலையிலேயே பேசினான்.

“மார்க் எவ்வளவும்மா?”

“இன்னும் கூட்டல.”

“அப்ப அப்பா அங்க இருக்காரா, வீட்டுக்கு வர்றாரா?”

“கூட்டிட்டுச் சொல்றேன்.”

“உனக்கு முதுகு எப்படி இருக்கு?”

“முதுகுக்கு மார்க் கிடையாது.”

அவன் கேள்வி கேட்காமல் போனைக் கையில் வைத்திருந்தது இதுவே முதல் தடவை. பிறகு, தீபாவளிக்கு முன்னாடியே வருகிறேன் என்றான்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், ஃபிளாஸ்கை வீட்டு மேடையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். கூடத்துக் கடிகாரத்துக்கு பேட்டரி வாங்கிப் போட்டிருக்கிறார்கள். பத்து நிமிடம் முன்னால் ஓடுகிறது. பகலவன் ஜன்னலோரம் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அல்லது கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பதினொரு மணிக்கு மேரி காபி கொண்டுவந்தார். குடித்தேன். சர்க்கரை கூடுதல்.